நாலாவது நிரல்

முள்ளியவளை. தரம் மூன்று, சுற்றாடல் பாடம்.
பிறிஸ்ரல் மட்டையில் நாலு நிரல் கீறினேன்:
திருநாள், உணவு, உடை, வழக்கம்.
வியாழன் ஆசிரிய ஆலோசகர் வருவார்,
அதற்குள் மட்டை நிரம்ப வேண்டும்.

"வற்றாப்பளைப் பொங்கலுக்கு
கடல்தண்ணியில விளக்கெரியும், ரீச்சர்"
என்றான் துவீபன்.
"பொய். தண்ணி நெருப்பை நூத்துப்போடும்"
என்றாள் ஹிமாறா.
"வந்து பார்!"
"வருவன். வாப்பாவைக் கேட்டிட்டு."
இதை எங்கே எழுதுவது?
பந்தயத்துக்கு நிரல் கீறவில்லை.

அன்ரனிற்றா வீட்டில் பெரிய வெள்ளிக்குக் கஞ்சி,
ஹிமாறா வீட்டில் நோன்புக்குக் கஞ்சி,
துவீபனுக்கு ஆடிக்கூழ்.
எது தடிப்பு என்று தொடங்கியதில்
இரண்டு மேசை தள்ளுப்பட்டது.
இறைச்சி போட்டால் அது கஞ்சியே இல்லையாம்;
பனங்கட்டி போட்டால் அது பாயாசமாம்.
உணவு நிரல் வழிந்து
உடைக்குள் இறங்கிவிட்டது.

வர்மேந்திரன் எழும்பினான்:
"மாசியில காமன் ஊண்டுவாங்க.
மன்மதன் எரிஞ்சிருவாரு. எல்லாரும் அழுவாங்க.
பொறவு எழும்பிருவாரு."
'பொறவு'க்குப் பின்வாங்கு சிரித்தது.
சிரித்தவர்களை நிற்கவைத்து,
பிறகுக்கும் பொறவுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.
"ஹற்றன் வரைக்கும், ரீச்சர்."
அடிக்கவா, புள்ளி போடவா?

மிஞ்சியது கஜவதனன்.
தாள் வெறுமை.
"உங்கட வீட்டில ஒண்டும் செய்யிறேல்லையோ?"
பென்சிலின் வால் ஈரமாகும்வரை கடித்தான்.

"ஒரு பை இருக்கு.
கதவுக்குப் பின்னால, ஆணியில.
வருசப்பிறப்பண்டு கழட்டி வெயிலில விரிப்பம்.
பிறப்புப் பத்திரம், காணி பெர்மிற்,
ரோச், நெருப்புப்பெட்டி, பால்மா.
அம்மா எண்ணுவா.
பழைய பால்மாவை அண்டைக்குக் கரைச்சுக் குடிப்பம்,
புதுசு ஒண்டு வைப்பம்.
பிறகு பொலித்தீனால சுத்திக் கட்டுறது."

"ஏன்?" என்றாள் ஆத்மிகா.

"தெரியாது. செய்யிறது."

வெளியே யாரோ குழாயை மூடும் சத்தம்.
அதன் பிறகு ஒரே இரைச்சல்.
எங்கட வீட்டிலயும்! எங்கடது நீலம்!
எங்கடதில பால்மா இல்ல, பேரீச்சம்பழம்!
அன்ரனிற்றாவின் பையில்
சொக்ஸுக்குள் ஒரு மாதா சுருவம்.
வர்மேந்திரனுடையதில்
யாராலும் வாசிக்க முடியாத ஒரு தோட்டத்துத் துண்டு.
கஞ்சிக்குச் சண்டை பிடித்த வாய்கள்
இப்போது ஒன்றையொன்று முந்தி,
பையின் நிறம், பையின் முடிச்சு,
பையைத் தொட்டதற்கு வாங்கிய அடி.

எட்டு வயது.
ஒருவரும் ஓடியவர்கள் இல்லை.
ஓடியது நாங்கள்.

நாலாவது நிரலில் 'பை' என்று எழுதினேன்.
யாருடைய பெயருக்கு நேரே என்று தெரியாமல்
மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாய் இழுத்தேன்.
ஆலோசகர் கேட்டால்?
கேட்கட்டும். அவர் வீட்டிலும் ஆணி இருக்கும்.

"எங்கட வீட்டில பை இல்லை."

ஆத்மிகா. வங்கி மனேஜரின் மகள்,
தையில் கொழும்பிலிருந்து வந்தவள்.
வீட்டுப்பாடம் செய்யாதவளைப்போலத் தலைகுனிந்திருந்தாள்.
வகுப்பு அவளை இரக்கத்தோடு பார்த்தது,
மழையில் குடையில்லாதவளைப் பார்ப்பதுபோல.

கஜவதனன் கொஞ்சம் யோசித்தான்.
"உன்ர பிறப்புப் பத்திரத்தைத் தா.
எங்கட பையில இடம் கிடக்கு."

"அம்மாட்டக் கேக்கோணும்."

"கேள். ஆனா வருசத்துக்கு முன்னம் தா.
கட்டினாப் பிறகு அம்மா அவிழ்க்க விடமாட்டா."

மணி அடித்தது.
புத்தகங்களை அள்ளிக்கொண்டு ஹிமாறா
துவீபனுக்குப் பின்னால் ஓடினாள்,
வைகாசி எப்போது வரும் என்று
கேட்டுக்கொண்டே.